பதவியை விட்டெழுந்த துணிவு

ஒன்பதாம் தர மாணவரிடம் ஒருநாள், துணிவுள்ள தலைவர்கள் சிலரின் பெயர்களைச் சொல்லுங்கள் என்று கேட்டேன். படை நடத்தியவர்களின் பெயர்களே வந்தன. நான் கரும்பலகையில் ஏ.எம்.ஏ. அஸீஸ் என்று எழுதி, உயர்ந்த அரசாங்கப் பதவியொன்றைத் துறந்து கல்லூரி அதிபராக வந்தவர் என்று விளக்கினேன். பின்வரிசையிலிருந்து ஒரு மாணவன் எழுந்தான். "வேலைய விட்டா அது வீரமா சேர்?" என்றான். வகுப்பு சிரித்தது. ஆனால் அது சிரித்து ஒதுக்கிவிடக்கூடிய கேள்வியல்ல.

அறிஞர் அஸீஸ் 1911ஆம் ஆண்டு ஒக்டோபர் 4ஆம் திகதி யாழ்ப்பாணம் வண்ணார்பண்ணையில் பிறந்தவர். வைத்தீஸ்வர வித்தியாலயத்திலும் யாழ்ப்பாணம் இந்துக் கல்லூரியிலும் பயின்றார். 1935இல் இலங்கைச் சிவில் சேவையில் சேர்ந்தார். அச்சேவையில் இணைந்த முதலாவது முஸ்லிம் அவரே. அன்றைய நிர்வாகத்தில் அதற்கு மேலானதொரு சேவை இருக்கவில்லை. அதில் நுழைந்தவருக்குப் பதவியுயர்வும் மதிப்பும் தாமாகவே வந்து சேரும்.

1942இல் அவர் உதவி அரசாங்க அதிபராகக் கல்முனைக்கு அனுப்பப்பட்டார். அவ்வாண்டு ஏப்ரலில் ஜப்பானிய விமானங்கள் கொழும்பிலும் திருகோணமலையிலும் குண்டு வீசியிருந்தன. பர்மாவும் ஜப்பானியர் கைக்குப் போனதால் அங்கிருந்து வந்த அரிசி நின்றுபோயிற்று. நெல் உற்பத்தியைப் பெருக்குவதே அவருக்கு இடப்பட்ட பணி. அந்தக் கடமையோடு நின்றிருந்தால் அவரை யாரும் குறைகூறியிருக்க முடியாது. அவரோ விவசாயிகளின் வயலைப் பார்த்ததோடு அவர்களுடைய பிள்ளைகளையும் பார்த்தார். கெட்டிக்காரப் பிள்ளைகள் வறுமையினால் இடைநடுவே படிப்பை விட்டுக்கொண்டிருந்தனர். அதே ஆண்டில் கல்முனை முஸ்லிம் கல்விச் சங்கம் தோன்றுவதற்கு அவர் முன்னின்றார். சுவாமி விபுலாநந்தரின் நட்பு அவருக்குக் கிடைத்ததும் கிழக்கு மண்ணில்தான். அங்கு விழுந்த வித்தே 1945இல் இலங்கை முஸ்லிம் கல்விச் சகாய நிதியாக முளைத்தது.

1948இல் நாடு சுதந்திரம் பெற்றது. ஆங்கிலேய அதிகாரிகள் விலகிச் செல்ல, சுதேச உத்தியோகத்தர்களுக்கு மேலிடங்கள் திறந்துகொண்டிருந்த வேளை அது. 1921 முதல் கொழும்பு ஸாஹிராக் கல்லூரியைக் கட்டி வளர்த்த ரி.பி. ஜாயா அவர்கள் அவ்வாண்டில் அதிபர் பதவியிலிருந்து விலகினார். அந்தப் பொறுப்பை ஏற்பதற்காக அஸீஸ் சிவில் சேவையைத் துறந்தார். அப்போது அவருக்கு 36 வயது. ஏற வேண்டிய படிகள் எத்தனையோ முன்னால் இருந்தன. மாவட்டத்தை ஆளக்கூடியவர் நேரசூசி வரையவும் பெற்றோரைச் சந்திக்கவும் கட்டட நிதி சேர்க்கவும் வந்தார். 1961 வரை, 13 ஆண்டுகள் இருந்தார். பேராசிரியர் கார்த்திகேசு சிவத்தம்பி அக்கல்லூரியில் பயின்று பின்னர் அங்கேயே கற்பித்தவர். முஸ்லிம்களின் கல்லூரியாக இருந்தும் அதன் கதவு பிறருக்கு அடைபட்டிருக்கவில்லை என்பதற்கு இது ஒன்றே போதும்.

மற்றொரு தருணம் 1956. அதற்கு நான்கு ஆண்டுகளுக்கு முன்னரே அவர் செனட்டராகியிருந்தார். ஐக்கிய தேசியக் கட்சியைச் சார்ந்திருந்தார். 1956 பெப்ரவரியில் களனியில் கூடிய அக்கட்சி, சிங்களம் மட்டுமே அரசகரும மொழி என்ற கொள்கைக்கு மாறியது. வாக்கு வங்கியை எண்ணிச் செய்த மாற்றம் அது என்பதை யாவரும் அறிவர். எமது அரசியல்வாதிகளிலும் சிலர் காற்று வீசிய பக்கம் சாய்ந்தனர். முஸ்லிம்களுக்கு மொழி ஒரு பொருட்டல்ல, எந்த மொழியிலும் வாழ்ந்துகொள்ளலாம் என்ற வாதமும் எழுந்தது. இலங்கை முஸ்லிம்களின் வீட்டு மொழி தமிழ் என்பதை வலியுறுத்தி வந்த அஸீஸ் கட்சியிலிருந்து விலகினார்.

அந்த விலகலினால் என்ன நடந்தது என்று கேட்கலாம். சட்டம் நிற்கவில்லை. ஏப்ரல் தேர்தலில் ஐக்கிய தேசியக் கட்சி 8 ஆசனங்களுக்குச் சுருங்கியது. பண்டாரநாயக்க அரசாங்கம் அதே ஆண்டில் அரசகரும மொழிச் சட்டத்தை நிறைவேற்றியது. கணக்குப் பார்ப்பவருக்கு அது பயனற்ற செயல். ஆனால் ஆயிரம் பிள்ளைகளின் முன் நாளாந்தம் நிற்கும் ஓர் அதிபரின் செயலை அந்தக் கணக்கினால் அளக்க முடியாது. காலைக் கூட்டத்தில் நேர்மையைப் பற்றிப் பேசுபவர், மாலையில் தன் கொள்கைக்கு மாறான கட்சியில் அமர்ந்திருந்தால், பிள்ளைகள் பேச்சை மறந்துவிடுவார்கள். அமர்ந்திருந்ததை மறக்க மாட்டார்கள்.

இங்கேதான் அந்த மாணவனுக்கான பதில் இருக்கிறது. வேலையை விடுவது தானாகவே வீரமாகிவிடாது. சலிப்பினாலும் விடலாம், கோபத்தினாலும் விடலாம். அஸீஸ் விட்டெழுந்த இரு தடவையும் ஒரு கடமையின் பக்கமாகவே நடந்தார். கல்முனையிலோ பதவியை விடாமலே, அதற்கு அப்பாலும் கடமை இருக்கிறதென்று கண்டார். இருப்பதா, எழுவதா என்பதைத் தன் இலாபம் தீர்மானிக்க அவர் இடமளிக்கவில்லை. தலைமைத்துவத்தில் குணம் என்று சொல்வது இதைத்தான்.

இதை எழுதும்போது என்னையும் கேட்டுக்கொள்ள வேண்டியிருக்கிறது. பல வருடங்களுக்கு முன்னர் நான் கலந்துகொண்ட கூட்டமொன்றில், பரிசுக்கு முதலிடம் பெற்ற கூலித் தொழிலாளியின் பிள்ளையின் பெயர் கீழே இறக்கப்பட்டு, செல்வாக்குள்ள ஒருவரின் பிள்ளை மேலே வந்தது. புள்ளிப் பட்டியல் என் கையில் இருந்தது. இடமாற்றத்துக்குப் பயந்து நான் வாய் திறக்கவில்லை. இழப்பதற்கு என்னிடம் ஒரு சிவில் சேவை இருக்கவில்லை; வீட்டிலிருந்து பாடசாலைக்குச் சைக்கிளில் பத்து நிமிடத்தில் போகும் வசதி மட்டுமே இருந்தது. அதைக்கூட என்னால் பணயம் வைக்க இயலவில்லை.

அறிஞர் அஸீஸ் 1973 நவம்பர் 24ஆம் திகதி காலமானார். ஆண்டுதோறும் அவரை நினைவுகூர்கின்றோம்; அவர் வகித்த பதவிகளை வரிசைப்படுத்துகின்றோம். அவர் விட்டெழுந்த பதவிகளையும், எதற்காக எழுந்தார் என்பதையும் சேர்த்துச் சொல்வோமானால் எமது பிள்ளைகளுக்கு அது கூடுதலாகப் பயன்படும். அடுத்த பாடவேளையில் அந்த மாணவனுக்கு அஸீஸின் கதையோடு புள்ளிப் பட்டியலின் கதையையும் சொன்னேன். இம்முறை வகுப்பு சிரிக்கவில்லை.