அட்டைப்படச் சிரிப்பும் அரைப்பேரும்



பழைய ஆனந்த விகடன் இதழ்களைப் பேணி வைத்திருப்போர் முதலில் எடுத்துக் காட்டுவது அட்டையைத்தான். 1928இல் எஸ். எஸ். வாசன் பொறுப்பேற்ற அந்தச் சஞ்சிகைக்கு, 1930களில் மாலி என்னும் ஓவியர் புதுமுகம் தந்தார். நாலைந்து கோடுகளில் ஓர் ஆளை எழுந்து நிற்க வைத்தவர் அவர். அவர் வழியில் கோபுலு வந்தார். அட்டையிலே ஒரு சிரிப்புப் படம், கீழே சிறு உரையாடல். வேலைக்கும் ஓய்வுக்கும் நடக்கும் இழுபறி அத்தகைய சிரிப்புகளுக்கு வற்றாத ஊற்று.

ஆனால், மேசையில் தூங்கி விழும் குமாஸ்தாவைப் பார்த்து நாம் ஏன் சிரிக்கிறோம்? தூங்கினாலும் மாதம் முடிய அவருக்குச் சம்பளம் வந்துவிடும். அந்த நிம்மதிதான் நகைச்சுவைக்கு இடம் தருகிறது.

அதே காலத்து ஹட்டன், நுவரெலியாத் தோட்டங்களை எண்ணிப் பாருங்கள். விடியுமுன் தப்பு முழங்கும். பிரட்டுக்களத்தில் ஆள் கணக்கெடுப்பார்கள். 'பேர்' என்றால் இங்கே ஆளின் பெயர் மட்டுமல்ல. ஒருநாட் சம்பளமும் அதுவே. கொழுந்து நிறை குறைந்தால் அரைப்பேர். களத்துக்கு வராதவருக்குப் பேரே இல்லை. 1927ஆம் ஆண்டுச் சட்டத்தின்கீழ் மலைநாட்டுத் தோட்டங்களுக்கு முதலில் விதிக்கப்பட்ட நாட்கூலி ஆணுக்கு 54 சதம், பெண்ணுக்கு 43 சதம், பிள்ளைக்கு 32 சதம். பெண்ணுக்குச் சம சம்பளம் கிடைக்க 1984 வரை காத்திருக்க நேர்ந்தது. கொழுந்தை நிறுத்துக் கொடுத்துவிட்டு லயத்துக்குத் திரும்பும் அவளை விறகும் தண்ணீரும் அடுப்பும் எதிர்கொண்டன. ஓய்வு என்ற சொல் அவள் பக்கம் எட்டிப் பார்க்கவில்லை.

அப்படியானால் தோட்டத்திலே சிரிப்பே இல்லையா? இருந்தது. அதற்கு அட்டைதான் இல்லை. கங்காணியையும் கணக்கப்பிள்ளையையும் துரையையும் எள்ளி நகையாடும் பாடல்கள் மலையிலே பிறந்தன. விகடன் அட்டை சோம்பேறியைப் பார்த்துச் சிரித்தது. தோட்டத்துப் பாட்டோ வேலை வாங்குபவனைப் பார்த்துச் சிரித்தது.

சி. வி. வேலுப்பிள்ளை போன்றோர் கேட்டுத் தொகுத்ததால் அவற்றுட் சில நமக்குக் கிடைத்தன. மற்றவை பாடிய வாய்களோடு போயின. பழைய அட்டையைக் கண்ணாடிச் சட்டத்தில் மாட்டுவது நல்லதுதான். அதோடு, உங்கள் லயத்துப் பாட்டியிடம் ஒரு பாட்டைக் கேட்டு எழுதி வையுங்கள். அவளுடைய சிரிப்புக்கும் ஒரு பேர் விழட்டும்.