வெளியே தெரியாத காயத்துக்கு எத்தனை சதவீதம்?

குன்னூர்ப் பக்கம் வந்தவர்கள் வெலிங்டன் வழியாகக் கண்டிப்பாகப் போயிருப்பீர்கள். ஊட்டி ரயில் அங்கே நின்றுதான் போகும். சுற்றுலா வருபவர்களுக்கு அது குளிர்ச்சியான ஒரு கன்டோன்மென்ட். ராணுவத்தில் இருந்தவர்களுக்கு மெட்ராஸ் ரெஜிமென்ட் மையம். 1758ல் தொடங்கியதாகக் கணக்குச் சொல்லும் படைப்பிரிவு அது. 1947 முதல் அதன் மையம் இங்கேதான்.

அதற்கும் முன்னால் இந்த இடத்துக்கு ஜக்கதளா என்று பெயர். 1850களில் வெள்ளைக்காரன் இங்கே பாசறை கட்டினான். சமவெளியின் வெயிலிலும் காய்ச்சலிலும் படுத்த ஆங்கிலச் சிப்பாய்கள் இங்கே வந்துதான் உடம்பைத் தேற்றிக்கொண்டார்கள். நீலகிரியே அவர்களுக்கு ஒரு பெரிய ஆஸ்பத்திரி மாதிரி. உடம்பு சரி, மனசு? அந்தக் கேள்வி அப்போது கிடையாது. 1915ல் சார்லஸ் மையர்ஸ் என்ற மருத்துவர் லான்செட் இதழில் 'ஷெல் ஷாக்' என்று எழுதிய பிறகுதான் அதற்கு ஒரு பெயராவது கிடைத்தது. இன்று நாம் சொல்லும் பி.டி.எஸ்.டி. என்ற பெயர் வியட்நாம் போருக்குப் பிறகு, 1980ல் அமெரிக்க மனநல மருத்துவர்கள் வைத்தது. உலக சுகாதார நிறுவனத்தின் நோய்ப் பட்டியலில் அது ஏறியது 1992ல் வெளிவந்த ஐ.சி.டி.-10ல்.

இந்த 1992ஐ ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். இந்திய அமைதிப்படை இலங்கைக்குப் போனது 1987 ஜூலையில். கடைசி அணி திரும்பியது 1990 மார்ச்சில். ஏறக்குறைய 1,200 பேர் உயிரோடு வரவில்லை. சென்னைத் துறைமுகத்தில் இறங்கியவர்களை வரவேற்க முதல்வர் கருணாநிதி போகவில்லை. அந்த அரசியலின் நியாயம் அநியாயம் தனிக்கதை, இங்கே வேண்டாம். ஆனால் தமிழ்ச் சிப்பாயின் நிலையை மட்டும் யோசித்துப் பாருங்கள். எதிரே ஓடுகிறவனும் தமிழில்தான் கத்துகிறான், கதவைத் திறக்கும் அம்மாவும் தமிழில்தான் அழுகிறாள். மற்ற மாநிலத்துக்காரனுக்கு வெறும் சத்தமாகப் போனது இவனுக்கு வார்த்தையாகக் காதில் விழுந்திருக்கும். திரும்பி வந்தவனுக்குத் தூக்கம் போய்விட்டது என்றால், 1990ல் அதை எழுத டாக்டரிடம் சரியான பெயரே இல்லை.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். நம் ராணுவத்தில் ஊனமுற்றோர் ஓய்வூதியம் எப்படித் தீர்மானமாகிறது?

ஒவ்வொரு வீரனுக்கும் 'ஷேப்' என்று ஒரு மருத்துவத் தரம் உண்டு. ஆங்கிலத்தில் ஐந்து எழுத்து. அதில் முதல் எழுத்தான எஸ் மனநிலையைக் குறிக்கிறது. காது, கை கால், உடல், கண் எல்லாம் அதற்குப் பின்னால்தான். முதலிடம் மனசுக்கு! பணியை விட்டுப் போகும்போது மருத்துவ போர்டு ஒன்று உட்காரும். அது இரண்டு கேள்விகளுக்குப் பதில் எழுதும். ஊனம் எத்தனை சதவீதம்? அது ராணுவப் பணியால் வந்ததா, அல்லது பணியால் அதிகமானதா? இரண்டாவதற்கு 'இரண்டும் இல்லை' என்று ஒரு வரி எழுதிவிட்டால் முதல் கேள்வியின் பதிலுக்கு மதிப்பே இல்லை.

நான் காமர்ஸ் மாணவன், அதனால் கணக்காகவே சொல்கிறேன். 100 சதவீத ஊனத்துக்குக் கடைசிச் சம்பளத்தில் 30 சதவீதம். குறைந்தது 20 சதவீத ஊனமாவது இருக்க வேண்டும். கடைசிச் சம்பளம் 40,000 என்று வைத்துக்கொள்வோம். 20 சதவீத ஊனம் என்றால் மாதம் 2,400 ரூபாய். ஆனால் 50க்குக் கீழே இருப்பதை 50 ஆக உயர்த்திக் கணக்கிடும் முறை 1996லிருந்து உண்டு. 2014ல் ராம் அவ்தார் வழக்கில் உச்ச நீதிமன்றம் அதை முழுக்காலம் பணியாற்றி ஓய்வு பெற்றவர்களுக்கும் பொருத்தியது. அப்போது 6,000. அந்த ஒரு வரி எதிராக இருந்தால்? பூஜ்யம். மாதம் 6,000க்கும் பூஜ்யத்துக்கும் நடுவில் நிற்பது ஒரு டாக்டரின் பேனா.

கால் போனவனுக்கு இந்த இரண்டாவது கேள்வி சுலபம். கண்ணிவெடி எங்கே வெடித்தது என்று பதிவு இருக்கும். மனசு போனவனுக்கு அப்படி இல்லை. 'குடும்பத்தில் யாருக்காவது இருந்ததா?', 'வீட்டில் பிரச்சினையா?', 'குடிப்பாயா?' என்றெல்லாம் கேள்வி வரும். அதோடு அவனுடைய கமாண்டிங் ஆபீசரும் அவன் நடத்தை பற்றி ஒரு படிவம் நிரப்பி அனுப்ப வேண்டும். ஏ.எஃப்.எம்.எஸ்.எஃப்.-10 என்று பெயர். பத்து வருஷமாக யாரிடமும் எதையும் சொல்லாமல் அடக்கிக்கொண்டவனைப் பற்றி ஆபீசர் என்ன எழுதுவார்? 'ஒழுங்கானவன், குறை ஒன்றுமில்லை' என்றுதான். நல்ல சிப்பாய் என்று வாங்கிய பெயரே அவனுக்கு எதிரான சாட்சி ஆகிவிடும்.

மருத்துவ அதிகாரிகளுக்கான வழிகாட்டி நூல் ஒன்று இருக்கிறது. அதில் மனநோய்க்கான பகுதியைப் படித்தபோது கொஞ்ச நேரம் அப்படியே உட்கார்ந்துவிட்டேன். போர்முனை, தீவிரவாத எதிர்ப்புப் பகுதி, உயரமான பனிமலை, தனித்து விடப்பட்ட காவல்சாவடி, சுனாமி போன்ற பேரழிவில் பிணங்களுக்கு நடுவே வேலை... இவற்றில் வந்த நோய் என்றால் பணியால் வந்ததாக ஏற்கலாம். இன்னொன்றும் உண்டு. ஒரே மகனுக்குப் பெற்றோர் இறந்தும், மனைவியோ பிள்ளையோ இறந்தும், பணி நெருக்கடியால் லீவு மறுக்கப்பட்டு, மூன்று மாதத்துக்குள் மனநோய் வந்தால் பணியால் அதிகமானதாகக் கருதலாம். அம்மா செத்ததற்கு லீவு கிடைக்காதவனின் துக்கத்துக்கும் கெடு வைத்திருக்கிறார்கள். நாலாவது மாதம் உடைந்தால்? ஆனால் இப்படி ஒரு துக்கம் உண்டு என்று எழுதி வைத்தார்களே, அதையும் சொல்லத்தான் வேண்டும்.

சட்டம் முழுக்கச் சிப்பாய்க்கு எதிரி என்று நினைக்க வேண்டாம். தரம்வீர் சிங் வழக்கு முக்கியமானது. 1985ல் சிக்னல் படையில் சேர்ந்தவர், வலிப்பு நோய் என்று 1994ல் வீட்டுக்கு அனுப்பப்பட்டார். போர்டு எழுதியது அதே வரி. 2013 ஜூலையில் உச்ச நீதிமன்றம் 1982ஆம் ஆண்டு விதிகளை எடுத்துக் காட்டியது: சேரும்போது நோய் இருந்ததாகக் குறிப்பு இல்லை என்றால் ஆள் நல்ல உடம்போடும் மனசோடும் சேர்ந்தான் என்றே கொள்ள வேண்டும், நிரூபிக்கும் பொறுப்பு சிப்பாயுடையது அல்ல, சந்தேகம் வந்தால் பலன் அவனுக்கே. பத்தொன்பது வருஷம் கழித்து வந்த தீர்ப்பு.

ஆனால் அது வலிப்பு. மனநோயில் நீதிமன்றமே இரண்டு பக்கமும் சாய்ந்திருக்கிறது. 2019ல் மனச்சிதைவு நோய் வழக்கு ஒன்றில், இந்த நோயை ஆள் எடுக்கும்போது கண்டுபிடிக்க முடியாது என்று சொல்லி ஓய்வூதியத்தை மறுத்தது. 2025 மே மாதம் அதே நோய் தொடர்பான இன்னொரு வழக்கில், காரணம் எழுதாத போர்டின் கருத்து செல்லாது என்றது. எனக்கு இரண்டாவதுதான் சரியாகப் படுகிறது. கல்லூரி டெஸ்டில் மார்க் குறைத்தாலே ஏன் என்று கேட்கிறோம், வாழ்நாள் பென்ஷனை நிறுத்தக் காரணம் எழுத வேண்டாமா?

அமெரிக்கா 2010ல் இதை வேறு மாதிரி சரி செய்ய முயன்றது. எதிரித் தாக்குதல் பயத்தால் வந்த நோய் என்றால், நடந்த சம்பவத்துக்குத் தனியாக ஆவணம் தேட வேண்டாம். அவன் இருந்த இடத்துக்கும் சூழலுக்கும் அவன் சொல்வது பொருந்தினால், அரசுத் தரப்பு மனநல மருத்துவர் ஏற்றுக்கொண்டால் போதும் என்று விதியை மாற்றினார்கள். நம் நாட்டில் 2023 செப்டம்பர் 21 முதல் புது விதிகள் வந்தன. பி.பி., சர்க்கரை என்று காட்டிப் பலர் சலுகை வாங்குவதைத் தடுக்கத்தான் என்றார்கள். அந்தக் கவலையில் உண்மை இருக்கலாம். ஆனால் வலையை இறுக்கும்போது சிக்குவது பெரும்பாலும் வழக்குப் போடத் தெரியாத சிப்பாய்தான், பெரிய அதிகாரி அல்ல.

எங்கள் தெருவிலும் ஒருவர் இருக்கிறார், யாழ்ப்பாணம் போய் வந்தவர். தீபாவளிக்கு இரண்டு நாள் முன்பே கோத்தகிரிப் பக்கம் எஸ்டேட்டில் இருக்கும் மகள் வீட்டுக்குப் போய்விடுவார், அங்கே வெடிச்சத்தம் கேட்காது. முழு சர்வீஸ் முடித்து, தரம் ஒன்று என்ற சான்றோடு ரிட்டையர் ஆனவர். ஊனம் என்று அவர் பேப்பரில் எதுவும் இல்லை. பணியில் வித்தான நோய் ஓய்வுக்குப் பிறகு தலைகாட்டினாலும் குறிப்பிட்ட ஆண்டுகளுக்குள் கோரலாம் என்று விதி இருந்ததைச் சொன்னேன். அந்த ஆண்டுகள் எப்போதோ முடிந்துவிட்டன. "போர்டுல என்ன கேட்டாங்க மாமா?" என்றேன்.

"கண்ணு தெரியுதா, காது கேக்குதான்னு கேட்டாங்க தம்பி. நல்லாத் தெரியுது, நல்லாக் கேக்குதுன்னு சொன்னேன்."