பழைய கரைசலில் கிடைத்த புதையல்

விஞ்ஞானி என்றதும் எல்லாவற்றையும் அளந்து, கழுவி, ஒழுங்காகச் செய்கிற ஒருவர்தான் கண் முன் வருவார். ஆனால் புற்றுநோய் ஆராய்ச்சியின் மிகப் பெரிய கண்டுபிடிப்புகளில் ஒன்று, புதுக் கரைசல் தயாரிக்கச் சோம்பல்பட்ட ஒருவரால் கிடைத்தது! அவர் பெயர் டோனி ஹண்டர்.

1943-இல் இங்கிலாந்தில் பிறந்தவர். கேம்பிரிட்ஜில் டாக்டர் பட்டம் வாங்கி, 1975-இல் அமெரிக்காவின் கலிபோர்னியாவில் உள்ள சால்க் ஆராய்ச்சி நிலையத்தில் சேர்ந்தார். விலங்குகளுக்குப் புற்றுக் கட்டியை உண்டாக்கும் வைரஸ்கள்தான் அவருடைய ஆராய்ச்சி.

ஏன் வைரஸ்? கோழிகளுக்கு வரும் ஒரு வகைப் புற்றை வைரஸ் பரப்புகிறது என்பதற்கான சான்றை 1911-இலேயே பெய்ட்டன் ரௌஸ் வெளியிட்டிருந்தார். அந்த வைரஸில் உள்ள 'சார்க்' என்ற ஒரே மரபணு போதும், நல்ல செல்லைப் புற்று செல்லாக மாற்றிவிடும். அது எப்படி என்பதுதான் கேள்வி. 1978-இல் பாதி விடை கிடைத்தது. அந்த மரபணு உருவாக்கும் புரதம் ஒரு 'கைனேஸ்'.

கைனேஸ் என்றால் வேறொன்றுமில்லை, மற்ற புரதங்களின் மேல் பாஸ்பேட்டை ஒட்டவைக்கும் நொதி. பாஸ்பேட் ஒட்டியதும் ஸ்விட்ச் தட்டிய மாதிரி அந்தப் புரதத்தின் வேலை மாறும். செல்லுக்குள் செய்தி போவது பெரும்பாலும் இப்படித்தான். புரதத்தில் செரின், திரியோனின் என்ற இரண்டு அமினோ அமிலங்களில்தான் பாஸ்பேட் இப்படி ஒட்டும் என்று அன்று எல்லோரும் நம்பினார்கள்.

1979-இல் ஹண்டர், எலிகளைத் தாக்கும் பாலியோமா வைரஸின் புரதத்தைச் சோதித்துக்கொண்டிருந்தார். கதிரியக்கப் பாஸ்பேட் ஒட்டிய அமினோ அமிலங்களைத் தகட்டில் வைத்து மின்சாரத்தால் பிரிக்க வேண்டும். அதற்கான கரைசலின் பி.எச். அளவு 1.9. திரும்பத் திரும்பப் பயன்படுத்தியதில் அது 1.7-க்கு இறங்கியிருந்தது. அன்று தகட்டில் எதிர்பாராத இடத்தில் ஒரு புள்ளி தெரிந்தது. அது டைரோசின் என்ற மூன்றாவது அமினோ அமிலத்தில் ஒட்டிய பாஸ்பேட்! கரைசல் சரியாக இருந்திருந்தால் அது திரியோனின் புள்ளியோடு சேர்ந்தே நின்றிருக்கும். யாருக்கும் தெரிந்திருக்காது.

அதிர்ஷ்டம் அத்தோடு முடிந்தது. மற்றதெல்லாம் உழைப்பு. புள்ளியை அழுக்கு என்று அவர் ஒதுக்கிவிடவில்லை. பாஸ்போடைரோசினை வேதியியல் முறையில் தயாரித்து, இரண்டும் ஒன்றுதான் என்று உறுதி செய்தார். பிறகு சக விஞ்ஞானி பார்ட் செஃப்டனுடன் சேர்ந்து, 'சார்க்' புரதமும் இதே வேலையைத்தான் செய்கிறது என்று 1980-இல் வெளியிட்டார். சாதாரண செல்லின் புரதப் பாஸ்பேட்டில் இது 0.1 சதவீதம்கூட இல்லை. 'சார்க்' புகுந்த செல்லிலோ சுமார் பத்து மடங்கு!

நல்ல செல்களும் வளர்வதற்கு இதே ஸ்விட்சைத்தான் பயன்படுத்துகின்றன என்பது அடுத்தடுத்து தெரியவந்தது. போட்ட ஸ்விட்ச் அணையாமல் மாட்டிக்கொண்டால் செல் நிற்காமல் பெருகும். அதுதான் பல புற்றுநோய்களின் கதை.

நாள்பட்ட மைலாய்டு ரத்தப் புற்றில் அப்படி மாட்டிக்கொள்வது 'பிசிஆர்-ஏபிஎல்' என்ற டைரோசின் கைனேஸ். அதைக் குறிவைத்து அணைக்கும் இமாடினிப் மாத்திரைக்கு 2001-இல் அமெரிக்கா அனுமதி கொடுத்தது. 2006-இல் வெளியான ஆய்வு முடிவுப்படி, முதலிலிருந்தே இதைச் சாப்பிட்ட நோயாளிகளில் 89 சதவீதம் பேர் 5 வருடம் கழித்தும் உயிரோடு இருந்தார்கள்.

இந்த மாத்திரைக்குச் சென்னையோடும் ஒரு தொடர்பு உண்டு. இதன் ஒரு படிக வடிவத்துக்கு நோவார்ட்டிஸ் நிறுவனம் கேட்ட காப்புரிமையை 2006-இல் மறுத்தது சென்னைக் காப்புரிமை அலுவலகம்தான். 2013-இல் உச்ச நீதிமன்றமும் அதையே சொன்னது. அதனால் இந்திய நிறுவனங்கள் குறைந்த விலையில் இதைத் தொடர்ந்து விற்க முடிந்தது.

ஹண்டர் அதோடு ஓய்ந்துவிடவில்லை. மனித மரபணுத் தொகுதியில் 518 கைனேஸ்கள் இருப்பதாகப் பட்டியலிட்ட 2002-ஆம் ஆண்டுக் கட்டுரையில் அவரும் ஒருவர். அதில் 90 டைரோசின் வகை. 2005-இல் வுல்ஃப் பரிசையும் பகிர்ந்துகொண்டார்.

1979-இல் அவர் மருந்து எதையும் தேடவில்லை. ஒரு வைரஸ் புரதம் என்ன செய்கிறது என்று தெரிந்துகொள்ளத்தான் ஆசைப்பட்டார். அந்த ஆசை மாத்திரையாகி நோயாளியின் கைக்கு வர 22 வருடம் ஆனது. "இந்த ஆராய்ச்சியால் என்ன லாபம்?" என்று முதல் வருடமே கணக்குக் கேட்டிருந்தால், பதில் பூஜ்யம்தான்!