அனுபவப் புள்ளியைக் கைவிட்ட போர்முறை

ஜப்பானின் ஸ்கொயர் நிறுவனம் 1987 டிசம்பரில் வெளியிட்ட ‘ஃபைனல் ஃபேன்டஸி’ விளையாட்டில், எதிரிகளை வென்று சேர்க்கும் அனுபவப் புள்ளிகள் குறித்த அளவை எட்டியதும் வீரனின் ஆற்றல்கள் உயர்ந்தன. ஓராண்டு கழித்து, 1988 டிசம்பரில், ஃபாமிகாம் விளையாட்டுக் கருவிக்கு வந்த இரண்டாம் பாகம் இம்முறையை அடியோடு கைவிட்டது. அதன் வடிவமைப்பாளர் அகிதோஷி கவாசு வகுத்த புதிய முறையில், வாளை எடுத்தவனுக்கு வாட்பயிற்சியும், மந்திரத்தைக் கையாண்டவனுக்கு அந்த மந்திரமும் மட்டுமே வளர்ந்தன. போரில் அடிபட்டு உயிராற்றலை இழந்தவனுக்கே அதன் உச்ச அளவு கூடியது.

இளைஞர் நால்வர் ஒரு பேரரசின் கருங்குதிரை வீரர்களிடம் தோற்று வீழ்வதே இரண்டாம் பாகத்துக் கதையின் முதற்போர். தோல்வியில் தொடங்கும் கதைக்குக் காயத்தால் வலிமை பெறும் போர்முறை மிகப் பொருத்தமானது என்பதில் ஐயமில்லை.

ஆயினும், உயிராற்றலைப் பெருக்க விரும்பிய ஆட்டக்காரர்கள் தம் அணியினரையே தாக்கினர். மூலப் பதிப்பில், ஒரு கட்டளையைத் தேர்ந்து உடனே விலக்கிக்கொண்டாலும் அது பயிற்சியாகக் கணக்கில் ஏறியதால், வாளை வீசாமலேயே வாட்திறனை வளர்க்க முடிந்தது. 1990இல் வந்த மூன்றாம் பாகம் அனுபவப் புள்ளிகளுக்கே திரும்பியது. கவாசுவோ தம் எண்ணத்தைக் கைவிடாமல், 1989இல் கேம்பாய் கருவியில் தொடங்கிய ‘ஸாகா’ வரிசையில், பயன்பாட்டால் திறன் வளரும் முறையைத் தொடர்ந்து செப்பனிட்டார்.