திரையில் தெரிவதும் உள்ளே இருப்பதும்: ‘மௌலவி’யைத் தேடினால் ஏன் கிடைப்பதில்லை?

பதிவு கொஞ்சம் நீளம். பாடசாலையில் பெயர்ப்பட்டியல் தயாரிக்கிறவர்கள், பள்ளிவாசல் பதிவேடுகளைக் கணினியில் ஏற்றுகிறவர்கள், ஊர் வரலாறு எழுத ஆசைப்படுகிறவர்கள் ஆறுதலாக வாசியுங்கள்.

முதலில் இந்த இரண்டு சொற்களையும் பாருங்கள்.

மௌலவி
மெளலவி

பெரும்பாலான போன்களில் இரண்டும் ஒன்றுபோலவே தெரியும். ஆனால் கணினிக்கு இவை வெவ்வேறு சொற்கள். முதலாவதில் 5 குறியீடுகள் இருக்கின்றன: ம, ஔகாரக் குறி, ல, வ, இகரக் குறி. இரண்டாவதில் 6. அங்கே ஔகாரக் குறிக்குப் பதிலாக ஒற்றைக் கொம்பும், அதன் பின் ‘பள்ளி’யில் வருகிற அதே ளகரமும் இருக்கின்றன. ஒன்றைத் தேடினால் மற்றது அகப்படாது. நௌபர், பௌசியா, ஜௌபர், நௌசாத் என்று எங்கள் வகுப்பு இடாப்புகளில் ஔகாரத்துக்குப் பஞ்சமே இல்லை. ஒரு பிள்ளையின் பெயர் பட்டியலில் கண்ணுக்குத் தெரியும்; தேடற் பெட்டியில் அடித்தால் ‘இல்லை’ என்று வரும். பிள்ளை இருக்கிறது, பெயரும் இருக்கிறது, கணினிதான் இல்லை என்கிறது.

இது எங்கிருந்து வந்தது? தட்டச்சு இயந்திரத்திலிருந்து. அந்த இயந்திரத்தில் இடம் குறைவு. ஔகாரத்தின் பின்பாதியும் ளகரமும் ஒரே வடிவம் என்பதால் ஒரே விசை இரண்டு வேலையும் பார்த்தது. காகிதத்தில் அடிக்கிறவருக்கு அதில் ஒரு நட்டமும் இல்லை. காகிதம் எதையும் தேடாது, அகரவரிசைப்படுத்தாது, வாசிக்கிறவரின் கண் மட்டும்தான் அங்கே நீதிபதி. சிக்கல் என்னவென்றால், கணினி வந்த பிறகும் நாங்கள் அதைத் தட்டச்சு இயந்திரமாகவே பாவித்தோம்.

தமிழைத் திரைக்குக் கொண்டுவந்த ஆரம்ப முயற்சிகளில் பல புலம்பெயர்ந்த தமிழர்களுடையவை. கனடாவில் ஸ்ரீனிவாசன் 1984இல் ‘ஆதமி’யைச் செய்தார். மலேசியாவில் முத்து நெடுமாறன் 1985இல் ‘முரசு’ தொடங்கினார். சுவிற்சர்லாந்தில் இருந்து கல்யாணசுந்தரம் ‘மயிலை’ எழுத்துருவை இலவசமாகக் கொடுத்தார். அரசாங்கங்கள் விழிக்குமுன் தனி மனிதர்கள் ராத்திரி ராத்திரியாக இருந்து செய்த வேலை இது. ஆனால் ஒவ்வொருவரும் தமிழ் எழுத்துக்களைத் தங்கள் தங்கள் இடத்தில் வைத்தார்கள். ஒருவருடைய ககரம் இன்னொருவரிடம் வேறு எழுத்து.

துறைமுகத்துக்காரர்களுக்கு இதை விளங்கப்படுத்துவது சுகம். கப்பலில் முழு மஞ்சள் கொடி ஏறினால் ஒரு காலத்தில் ‘நோய் இருக்கிறது, கிட்ட வராதே’ என்று பொருள். இன்றைய சர்வதேசக் கொடி விதிப்படி அதே மஞ்சள் கொடி, ‘எங்கள் கப்பலில் நோயில்லை, உள்ளே வர அனுமதி தாருங்கள்’ என்று சொல்கிறது. கொடி மாறவில்லை, கையிலிருக்கும் புத்தகம் மாறிவிட்டது. கணினிக்குள்ளும் எழுத்து கிடையாது, எண்தான் இருக்கிறது. எந்த எண்ணுக்கு எந்த எழுத்து என்று சொல்லும் புத்தகம் ஒன்று வேண்டும்.

இலங்கையில் எங்கள் தலைமுறைக்கு அந்தப் புத்தகம் பாமினி. வினாத்தாள், கலியாணக் கார்ட், மரண அறிவித்தல், ஊர்ச் சங்கத்தின் யாப்பு எல்லாமே பாமினிதான். உண்மையில் பாமினி கணினிக்குத் தமிழ் சொல்லிக்கொடுக்கவே இல்லை. ஆங்கில எழுத்தின் முகத்துக்குத் தமிழ் முகமூடி போட்டது. ‘தமிழ்’ என்று பாமினியில் அடித்தால் உள்ளே பதிவாவது ஜே, கே, பீ, ஓ, ஒரு செமிகோலன். எழுத்துருவை மாற்றினாலோ, பாமினி இல்லாத கணினியில் கோப்பைத் திறந்தாலோ அந்த நிர்வாணம் தெரிந்துவிடும். வலயத்துக்கு அனுப்பிய கடிதம் ஆங்கிலக் கிறுக்கலாகத் திறந்த அனுபவம் இல்லாத அதிபர் யாராவது இருந்தால் கை தூக்குங்கள்.

அகரவரிசையில் இதைவிட வேடிக்கை. பாமினியில் இகரம் கமா விசையில் இருக்கிறது, உகரம் சீயில், ககரம் எப்பில், பகரம் ஜீயில், தகரம் ஜேயில், அகரம் எம்மில். எக்ஸலில் பெயர்களை வரிசைப்படுத்தச் சொன்னால் இர்பான், உமர், கலீல், பாத்திமா, தஸ்லீம், அமீர் என்று வரும். கணினியில் பிழையில்லை, அது ஆங்கில வரிசையைச் சரியாகவே போட்டிருக்கிறது. அதனால் பல பாடசாலைகளில் இடாப்பை முதலில் கையால் வரிசைப்படுத்தி, அதைப் பார்த்து டைப் பண்ணினோம்.

இஸ்லாம் பாடம் படிப்பித்தவர்களுக்கு இன்னொரு தொல்லை இருந்தது. தமிழ் வரிக்கு நடுவில் அரபு வசனம் வரவேண்டும். அரபு வலமிருந்து இடம் போகும். அதில் ஓர் எழுத்து சொல்லின் தொடக்கத்தில் ஒரு வடிவம், நடுவில் ஒரு வடிவம், இறுதியில் ஒரு வடிவம் எடுக்கும். அந்தக் கலை தெரியாத மென்பொருளில் எழுத்துக்கள் தனித்தனியாகவும் தலைகீழ் வரிசையிலும் நிற்கும். ஆகவே வினாத்தாளில் இடைவெளி விட்டு, ரோனியோ ஸ்டென்சிலில் அரபை மட்டும் கையால் எழுதுவோம். எங்கள் முன்னோர் அரபுத் தமிழில் நூல் எழுதியபோது, தமிழுக்கே உரிய ஒலிகளுக்காக அரபு எழுத்துக்களின் மேலும் கீழும் கூடுதல் புள்ளிகள் இட்டார்கள். அந்த எழுத்துக்குரிய அச்சு கிடைப்பது அரிது என்பதால் பல நூல்களைக் கையால் எழுதி, கல்லச்சில் பதித்தார்கள். நூறு வருடம் கழித்தும் நாங்கள் ஸ்டென்சிலில் செய்தது கிட்டத்தட்ட அதே வேலைதான்.

எல்லா மொழிக்கும் ஒரே புத்தகம் என்ற எண்ணம்தான் யுனிகோட். 1991இல் வந்த முதற் பதிப்பிலேயே தமிழுக்கு 128 இடங்கள் கொண்ட பகுதி ஒதுக்கப்பட்டது. (சிங்களம் 1999இல்தான் உள்ளே வந்தது.) இந்திய அரசின் இஸ்கி என்ற குறியீட்டை அடியொற்றியதால், இந்திய மொழிகளுக்குப் பொதுவான வரிசை தமிழுக்கும் வந்தது: நகரத்துக்குப் பக்கத்தில் னகரம், ரகரத்துக்குப் பக்கத்தில் றகரம். தமிழறிஞர்களுக்கு இதில் கோபம் இருந்தது, நியாயமும் இருந்தது. 1999 பெப்ரவரியில் சென்னையில் நடந்த தமிழ்நெட் மாநாட்டில் டாப், டாம் என்று இரண்டு குறியீடுகளையும் ஒரு பொது விசைப்பலகையையும் தீர்மானித்தார்கள். மின்னஞ்சல் குழுக்களில் கூடியவர்கள் தனியே திஸ்கியை உருவாக்கியிருந்தார்கள். இந்தச் சண்டைகளின் விபரத்துக்குள் நான் போகவில்லை. எல்லாவற்றையும் கடைசியில் யுனிகோடே விழுங்கியது.

பாமினிக்கும் யுனிகோடுக்கும் உள்ள அடிப்படை வித்தியாசத்தை ‘கொ’ என்ற ஓர் எழுத்தில் பார்த்துவிடலாம். பாமினியில் கண்ணுக்குத் தெரிகிற ஒழுங்கிலேயே அடிக்கவேண்டும்: கொம்பு, ககரம், அரவு. யுனிகோட் நாங்கள் உச்சரிக்கிற ஒழுங்கில் வைத்திருக்கும்: முதலில் ககரம், பிறகு ஒகரக் குறி. கொம்பை முன்னாலும் அரவைப் பின்னாலும் கொண்டுபோய் நிறுத்துவது திரைக்குப் பின்னால் இருக்கும் மென்பொருளின் பொறுப்பு. அதாவது எழுத்து வேறு, அதன் தோற்றம் வேறு என்று பிரித்து வைக்கப்பட்டது. தமிழ்நாட்டில் 1978 சீர்திருத்தத்துக்கு முன்பிருந்த, யானைத் தும்பிக்கை போன்ற கொம்புள்ள ‘லை’யை இன்றும் திரையில் பார்க்க முடியும். அந்த வடிவம் உள்ள எழுத்துருவைத் தெரிவுசெய்தால் போதும், உள்ளே ஒரு குறியீடும் மாறாது.

அந்த மென்பொருள் எங்கள் கைக்கு வர நாளாயிற்று. விண்டோஸ் 2000இல் ‘லதா’ எழுத்துருவோடு தமிழ் வந்தது. எக்ஸ்பியில் மொழி அமைப்புக்குள் போய் ஒரு பெட்டியில் சரி அடையாளம் இட்டு, மூல சீடியைப் போடவேண்டும். தமிழ் போன்ற சிக்கலான எழுத்துக்களுக்கும் அரபு போன்ற வலமிருந்து இடம் போகும் எழுத்துக்களுக்கும் அது ஒரே பெட்டி! அந்த ஒற்றைச் சொடுக்கில் எங்கள் ஸ்டென்சில் வேலை முடிந்துபோனது. இலங்கையில் எஸ்எல்எஸ் 1326 என்ற தமிழ்த் தரம் 2008இல் வந்தது. யுனிகோடும், தட்டச்சு வழிவந்த ரெங்கநாதன் விசைப்பலகையும் அதில் ஏற்கப்பட்டன.

ஆனால் தரம் வந்ததால் பழைய கோப்புகள் மாறிவிடாது. எங்கள் மாவட்டத்தில் 2004 சுனாமி, 2006 மூதூர் இடப்பெயர்வு இரண்டும் நடந்தது பாமினிக் காலத்தில். நான் கண்ட முகாம் பட்டியல்களும் இழப்பு விபரங்களும் பாமினியில்தான் இருந்தன. அவற்றை இன்று ஒரு கணினியில் போட்டு ‘பாத்திமா’ என்று தேடினால் ஒன்றும் வராது. சுரதாவின் ‘பொங்குதமிழ்’ போன்ற எழுத்துருமாற்றிகள் இந்த விடயத்தில் எங்களுக்குச் செய்த உதவி பெரியது. மாற்றியால் தீராத சங்கடம் ஒன்றும் உண்டு. பாமினியில் கொம்பு, வகரம், ளகரம் என்று மூன்று குறி நின்றால் அது ‘வௌவால்’ என்ற சொல்லின் முதலெழுத்தா, ‘வெளிநாடு’ என்பதன் தொடக்கமா? மனிதருக்கு உடனே தெரியும். கவனமின்றிச் செய்த மாற்றி எல்லாவற்றையும் ஔகாரமாக்கிவிடும். செய்தித் தளங்களில் ‘வெளியீடு’, ‘வெளிநாடு’ என்ற சொற்களில் அந்தரத்தில் தொங்கும் இகரக் குறியோ, புள்ளி வட்டமோ தெரிவது இதனால்தான்.

யுனிகோடுக்குள்ளும் ஒரு சிக்கல் ஒளிந்திருக்கிறது: ஸ்ரீ. 1958இல் வாகன இலக்கத் தகட்டில் சிங்கள ஸ்ரீ போடுவதா, தமிழ் ஸ்ரீ போடுவதா என்று தெருவில் தார் பூசிய நாடு இது. அந்த எழுத்தின் தோற்றத்துக்காக அவ்வளவு நடந்தது. கணினிக்குள் தமிழ் ஸ்ரீயே இரண்டு வகை. முதலில் ஸகரத்தைக் கொண்டு எழுதினார்கள். 2005இல் வந்த யுனிகோட் 4.1இல் ‘ஶ’ என்ற எழுத்து சேர்ந்த பிறகு அதைக் கொண்டு எழுதுவதே சரி என்றார்கள். திரையில் இரண்டும் ஒரே ஸ்ரீ, தேடலில் இரண்டு. சிங்கள ஸ்ரீயோ கண்ணுக்கே தெரியாத ஓர் இணைப்புக் குறியை நடுவில் வைத்தால்தான் சேர்ந்து நிற்கும்.

இனி, உங்கள் பட்டியலைச் சரிபார்க்கும் வழி. ‘நௌ’ அல்லது ‘பௌ’ என்ற எழுத்துக்குப் பின்னால் கர்சரை வைத்து பேக்ஸ்பேஸை ஒருமுறை தட்டுங்கள். கொம்பும் சேர்ந்து மறைந்து ‘ந’, ‘ப’ மட்டும் மிஞ்சினால் சரி. ‘நெ’, ‘பெ’ என்று கொம்பு மிஞ்சினால் அங்கே ளகரம் இருந்திருக்கிறது. மொத்தமாக மாற்றும் கட்டளை கொடுக்கவேண்டாம், ‘வெள்ளி’, ‘தெளபீக்’ இரண்டும் ஒரே வலையில் சிக்கும். பெயர் பெயராகப் பாருங்கள். ரஹீமா றஹீமா, பாத்திமாவா ஃபாத்திமாவா என்பது எழுத்துக்கூட்டல் பிரச்சினை. அதைப் பிள்ளையின் பிறப்புச் சான்றிதழைப் பார்த்துத்தான் தீர்க்கவேண்டும். பழைய பாமினிக் கோப்புகள் பென்டிரைவில், சீடியில் இருந்தால், மாற்றிய பிரதியோடு மூலத்தையும் வைத்திருங்கள். பாமினி எழுத்துருக் கோப்பையும் அதே போல்டரில் போட்டு வையுங்கள்.