கட்டை கட்டிய காஞ்சி – 9: கூத்துக்கு ஒரு வீடு

சென்ற வாரம் துரியோதனனைத் திரைக்குப் பின்னால் நிறுத்திவிட்டு வந்தோம். இருவர் பிடித்த துணிக்குப் பின்னே அவர் குரல் மட்டும் கேட்கிறது. முகவீணை உச்சத்தில். ராஜா வேடம் அவ்வளவு சீக்கிரம் முகம் காட்டாது. துணிக்கு மேலே கிரீடத்தின் நுனி தெரியும், மறையும். அது அப்படியே இருக்கட்டும். பின்பாட்டுக்காரர்கள் நடுவில் தூக்கத்தோடு தாளம் தட்டிக்கொண்டிருக்கிறானே ஒரு பையன், இந்த வாரம் அவன் கதை.

கூத்துக் குடும்பத்துப் பிள்ளை வேடப் பெட்டிமேல் தூங்கி வளரும். இரவு பத்து மணிக்குத் தொடங்கினால் விடிந்தபிறகுதான் முடியும். பங்குனி, சித்திரையில் திரௌபதி அம்மன் கோயில்களில் பாரதம் வைத்தால் பிற்பகலில் பிரசங்கம், இரவில் கூத்து என்று நாள்கணக்கில் நடக்கும். படுகளத்தன்று மண்ணால் செய்த துரியோதனன் தரையில் நீண்டு கிடக்க, பீமனும் துரியோதனனும் அதைச் சுற்றி ஓடுவார்கள். இதற்கு நடுவே பள்ளிக்கூடம் எங்கே? செய்யாறு பக்கத்துப் பெருங்கட்டூரில் கூத்துக்குழு நடத்திய பொன்னுசாமியின் மகன் ராஜகோபாலும் அப்படித்தான், பத்து வயது வாக்கில் படிப்பை விட்டு அப்பாவின் குழுவுக்கு வந்தார்.

அதே வயதுப் பையன் காஞ்சிபுரத்து நெசவாளர் பகுதியான பிள்ளையார்பாளையத்தில் என்ன செய்துகொண்டிருந்தான்? விடிகாலையில் தெருவில் பாவு விரிக்கும்போது ஒரு முனையைப் பிடித்திருப்பான். வெயில் ஏறியதும் தறிக்குப் போவான். கோர்வைச் சேலைக்கு மூன்று நாடா. உடலுக்கு ஒரு நிறம், கரைக்கு வேறு நிறம். நெசவாளி ஒருவரால் மூன்றையும் ஓட்ட முடியாது. பக்கத்தில் உட்கார்ந்து ஒரு கரையின் நாடாவைத் தள்ள இன்னொரு ஆள் வேண்டும். அந்த ஆள்தான் இந்தப் பையன். வீட்டார் வாங்கிய முன்பணம் தீரும்வரை அவன் எழுந்திருக்க முடியாது. கல்யாண வீட்டில் கரையைத் தடவிப் பார்த்து மெச்சுகிறவர்கள் அவனை நினைப்பதில்லை.

இரண்டு கலையும் அழகு. இரண்டும் குழந்தையைச் சீக்கிரம் எடுத்துக்கொண்டன. காஞ்சியின் பெருமை பேசுகிற நூல்கள் முதல் வாக்கியத்தோடு நின்றுவிடும்.

1990-இல் கூத்துக் கலைஞர்கள் ஒன்றுகூடிக் கட்டைக்கூத்துச் சங்கம் அமைத்தார்கள். முன்னின்றவர்கள் ராஜகோபாலும், நெதர்லாந்திலிருந்து இந்தக் கலையை ஆராய வந்து அவரையே மணந்துகொண்ட ஹன்னே டி ப்ரூயினும். பெயர் வைத்ததில் ரோஷம் இருந்தது: தெருமுனைப் பிரச்சார நாடகம் எல்லாம் தெருக்கூத்து என்று சொல்லிக்கொண்ட காலம் அது. சங்கத்தார் தங்கள் அடையாளமாகக் கட்டையை எடுத்துக்கொண்டார்கள்.

கட்டை என்றால் கிரீடம், புஜம், மார்புப் பதக்கம். இரவு முழுக்கச் சுமந்து சுழன்றாட வேண்டுமே, அதனால் கல்யாண முருங்கை போன்ற லேசான மரத்தில் செதுக்குவார்கள். வண்ணம் பூசி, கண்ணாடிச் சில்லுகள் பதித்து, கயிற்றால் உடம்போடு இறுக்கிக் கட்டுவார்கள். வெளிச்சம் பட்டால் கடைசி வரிசையில் பாய் விரித்துப் படுத்திருக்கிற பாட்டியின் கண்ணையும் கூச வைக்கும்.

ஆனால் இந்தக் கட்டைகள் ஊர் ஊராகப் போகிற வேடப் பெட்டிக்கு வீடு கிடையாது. கோயில் திடல், அறுவடையான வயல், தெரு முனை, எங்கே கூப்பிடுகிறார்களோ அங்கே மேடை. விடிந்ததும் மூட்டை கட்டி அடுத்த ஊர். அய்யங்கார்குளம் உங்களுக்குத் தெரிந்திருக்கும். சித்ரா பௌர்ணமிக்கு வரதர் எழுந்தருளுகிற நடவாவிக் கிணறு உள்ள ஊர். அதன் பக்கத்துப் புஞ்சரசந்தாங்கலில்தான் கூத்துக்கு ஒரு வீடு அமைந்தது. கூத்துக் கலைக்கூடம் என்று பெயர். திறந்தவெளி அரங்கும் உண்டு. டி. எம். கிருஷ்ணா, சங்கீதா சிவகுமார் போன்ற கர்நாடக இசைக்காரர்கள் கூத்துக்காரர்களோடு ஒரே மேடையில் பாடியதெல்லாம் இந்தச் சங்கத்தின் பிற்காலக் கதை.

எனக்கு அரங்கைவிடக் கரும்பலகை பெரிதாகப் படுகிறது. 2002-இல் சங்கத்தின் குருகுலம் தொடங்கியது. பிள்ளைகள் தங்கிப் படிக்கலாம். கணக்கும் உண்டு, அடவும் உண்டு. ராஜகோபாலுக்குச் சின்ன வயதில் கிடைக்காததை அவரே நடத்தினார். மறு வருடம், 2003-இல், பட்டுத்தறிகளில் கடனுக்குப் பிணையாக உழைக்கும் பிள்ளைகளைப் பற்றி மனித உரிமைக் கண்காணிப்பகம் உலகத்துக்கு அறிக்கை வெளியிட்டபோது, அதில் காஞ்சிபுரமும் இருந்தது. தறியில் உட்கார்ந்த பையனைப் பற்றி அந்த அறிக்கை வந்த நேரத்தில், வேடப் பெட்டிமேல் தூங்கிய பையனுக்குப் பள்ளிக்கூடம் கிடைத்திருந்தது.

குருகுலம் 2020 வரை நடந்தது. பதினெட்டு வருடம். மூடிய கதைக்குப் பிறகு வருவோம், ஏனென்றால் அதற்கு முன்னால் அந்த வீட்டுக்குள் யாரும் எதிர்பாராத ஒன்று நடந்துவிட்டது.

திரௌபதி வேடமானாலும் ஆண்தான் கட்டுவார். ஊர் ஊராகத் தலைமுறைகளாக அதுவே வழக்கம். குருகுலத்தில் சேர்ந்தவர்களில் பெண் பிள்ளைகளும் இருந்தார்கள். அவர்களுக்குத் திரௌபதியோடு நிற்க மனமில்லை. ஒருத்தி துரியோதனன் கட்டையைத் தோளில் ஏற்றி, ஊர் நடுவே இரவெல்லாம் கர்ஜித்து ஆடினாள் என்று வையுங்கள். கைதட்டல் கிடைக்கும், அன்பளிப்பு விழும். அவளுக்குக் கல்யாணப் பேச்சு எடுக்கிற நாளில் மாப்பிள்ளை வீட்டார் கேட்கிற முதல் கேள்வி மட்டும் பாரதத்தைப் பற்றியதாக இராது.

அவர்கள் கேட்டது என்ன? அவள் சொன்ன பதில்?

(அடுத்த வாரம்)