முகத்தில் போடும் துணி: மோலியேர் காலம் முதல் கொரியா வரை



இப்போது புதுவையில் பெரிய மருந்துக் கடைகளுக்குப் போனால், கல்லாவுக்குப் பக்கத்தில் கம்பியில் வரிசையாகப் பொட்டலங்கள் தொங்குகின்றன. மேலே கொரிய எழுத்து. உள்ளே முகத்தின் அளவுக்கு வெட்டிய மெல்லிய துணி ஒன்று, கண்ணுக்கும் மூக்குக்கும் வாய்க்கும் ஓட்டை விட்டு, பிசுபிசுப்பான திரவத்தில் ஊறிக் கிடக்கிறது. அதை முகத்தில் போட்டுக்கொண்டு பதினைந்து இருபது நிமிஷம் படுத்திருந்து எடுத்துவிட வேண்டும். நம் பிள்ளைகள் 'ஷீட் மாஸ்க்' என்கிறார்கள். கொரியர்கள் 'மாஸ்க் பேக்' என்கிறார்கள். கொரியத் தொடர் பார்க்கும் பேத்திகள் வாங்க ஆரம்பித்து, அம்மாக்களுக்குப் பரவி, இப்போது பாட்டிமார் வரை வந்துவிட்டது.

இது புதுசா, பழசா? இதில் நல்லது எது, கெட்டது எது? அலுவலகத்தில் ஒரு கோப்பு வந்தால் அதன் முன்கதையைப் புரட்டிப் பார்க்காமல் குறிப்பு எழுத மாட்டோம். அந்தப் பழக்கத்தில் இதன் முன்கதையையும் தேடிப் படித்தேன்.

நான் பிரெஞ்சு வழியில் படித்தவள். பள்ளியில் மோலியேரின் 'லே பிரெசியூஸ் ரிதிக்யூல்' நாடகம் எங்களுக்குப் பாடம். 1659-இல் பாரிஸில் அரங்கேறிய நகைச்சுவை நாடகம் அது. அதில் கோர்ஜிபுஸ் என்ற பெரியவர், வெளியூரிலிருந்து பாரிஸுக்கு அழைத்து வந்த தன் மகளும் சகோதரர் மகளும் செய்யும் அழகுச் செலவைப் பார்த்துத் தலையில் அடித்துக்கொள்வார். முட்டையின் வெள்ளைக்கரு, பன்றிக் கொழுப்பு, ஆட்டுக்கால் எல்லாம் சமையலறைக்குப் போகாமல் முகப்பூச்சுக்குப் போகிறதே என்பது அவர் புலம்பல். வகுப்பில் எல்லோரும் சிரித்தோம். வீட்டிலேயே அரைத்து, கலக்கி, பூசிக்கொள்ளும் பழக்கம் 350 வருஷத்துக்கு முன்பே அங்கே கேலிக்கு ஆளாகும் அளவுக்குப் பெருகியிருந்தது என்று இப்போது தோன்றுகிறது.

அந்தக் காலத்துப் பிரான்சில் வசதியான வீட்டுப் பெண்கள் வெளியே போகும்போது கறுப்பு வெல்வெட்டில் செய்த முகமூடி போட்டுக்கொள்வதும் உண்டு. அதன் பெயர் 'லூ'. பிரெஞ்சில் ஓநாய் என்று பொருள். வெயில் பட்டு முகம் கறுத்துவிடக் கூடாது என்பதற்காக அதைப் போட்டார்கள். கறுத்த முகம் என்றால் வயலில் உழைக்கிற முகம். வெளுத்த முகம் என்றால் நிழலில் உட்கார்ந்து சாப்பிடுகிற முகம். ஆக, முகமூடி அப்போதே தோலோடு சேர்த்து அந்தஸ்தையும் காத்துக் கொடுத்தது.

அடுத்தது அமெரிக்கா. ஒஹாயோ மாநிலம் டொலிடோ நகரத்து ஹெலன் ரௌலி என்ற பெண்மணி, 1875-இல் ரப்பரால் ஆன ஒரு முகமூடிக்குக் காப்புரிமை வாங்கினார். இரவில் கட்டிக்கொண்டு தூங்க வேண்டும். காற்றுப் புகாததால் உள்ளே வியர்த்து, தோல் ஊறி மிருதுவாகும் என்பது கணக்கு. பக்கத்தில் படுத்திருந்த கணவன்மாரின் கதியை யாரும் எழுதி வைக்கவில்லை! ஆனால் இன்றைய கொரியத் துணி வேலை செய்யும் விதமும் ஏறக்குறைய இதுதான். தோலின் ஈரம் காற்றில் போகாமல் மூடி வைப்பது.

இனி கொரியாவுக்கு வருவோம். பழைய கொரியாவில் சோப்பு வருவதற்கு முன்னால் முகம் கழுவப் பச்சைப்பயறு போன்ற பயறுகளை அரைத்த மாவைத்தான் பயன்படுத்தினார்கள். அரிசி கழுவிய தண்ணீரில் முகம் கழுவுவதும் உண்டு. நம் வீட்டுப் பயத்தம் மாவும் கழுநீரும்தான், வேறென்ன! 1809-இல் பிங்ஹோகாக் என்ற பெயரில் எழுதிய யீ குடும்பத்து அம்மையார் ஒருவர், பெண்களுக்கென்று 'கியூஹாப் சோங்சோ' என்ற நூலைக் கொரிய எழுத்திலேயே எழுதினார். சமையல், தையல், துணிச் சாயம், கைவைத்தியம் என்று வீட்டு விஷயம் எல்லாம் அடங்கிய பெரிய தொகுப்பு. ஒப்பனைக் குறிப்புகளும் அதில் உண்டு.

இதுவரை யாருக்கும் கேடில்லை. கேடு வந்தது பவுடர் டப்பாவில். ஜப்பானியர் ஆட்சியில் கொரியா இருந்த காலம், 1910-களின் நடுவில், சியோலில் பாக் சுங் ஜிக் என்ற துணி வியாபாரியின் கடையில் துணி வாங்குகிறவர்களுக்கு வெள்ளைப் பவுடர் ஒன்றை இனாமாகக் கொடுத்தார்கள். அவர் மனைவியின் யோசனை அது. கிராக்கி கூடிப்போய் அதுவே தனி வியாபாரமானது. 'பாக்காபுன்', அதாவது பாக் வீட்டுப் பவுடர், 1920-இல் முறைப்படி பதிவானது. தொழில்முறையில் தயாரித்து விற்ற முதல் கொரிய அழகுப் பொருள் என்று அதைச் சொல்கிறார்கள். முகத்தில் நன்றாக ஒட்டி வெள்ளை வெளேர் என்று காட்டியது. காரணம், அதில் சேர்த்திருந்த ஈயம். நாம் பாத்திரத்துக்குப் பூசும் வெள்ளீயம் இல்லை இது, விஷமான காரீயம். பூசிய பெண்களின் தோல் கெட்டது, உடம்பும் கெட்டது. விஷயம் வெளியே தெரிந்து பெயர் கெட்டு, 1937-இல் உற்பத்தி நின்றது.

கொரியாவை மட்டும் குறை சொல்லக் கூடாது. ஐரோப்பாவில் அரச குடும்பத்தார் பூசியதும், ஜப்பானில் கபுகி நடிகர்கள் பூசியதும் இதே காரீய வெள்ளைதான். 1887-இல் ஜப்பானியச் சக்கரவர்த்தியின் முன்னால் நடித்துக்கொண்டிருந்த நகமுரா ஃபுகுசுகே என்ற பெரிய நடிகருக்கு மேடையிலேயே கால் நடுங்கியது. வருஷக்கணக்காகப் பூசிய பவுடரின் விஷம் என்று பிறகு தெரிந்தது.

1945-இல் கொரியா விடுதலை பெற்றது. அதன் பிறகு நடந்தது சுவாரசியமான கதை. 1947-இல் கூ இன் ஹோய் என்பவர் 'லக்கி கிரீம்' என்ற முகக் கிரீம் தயாரித்தார். டப்பாவின் மூடி அடிக்கடி உடைந்ததால், உடையாத மூடி செய்யப் பிளாஸ்டிக் தொழிலில் இறங்கினார். பிளாஸ்டிக்கிலிருந்து சீப்பு, பல்துலக்கி. அங்கிருந்து 1958-இல் 'கோல்ட்ஸ்டார்' மின்சாதனக் கம்பெனி. லக்கியும் கோல்ட்ஸ்டாரும் சேர்ந்ததுதான் நம் வீட்டு டி.வி.யிலும் வாஷிங் மெஷினிலும் இருக்கிற எல்.ஜி.! இன்னொரு பக்கம், கேசாங் ஊரில் யூன் தோக் ஜோங் என்ற அம்மாள் 1930-களில் கமேலியா விதையில் தலைக்கு எண்ணெய் ஆட்டி விற்றுக்கொண்டிருந்தார். அவர் மகன் சோ சுங் ஹ்வான் 1945-இல் ஆரம்பித்த கம்பெனிதான் இன்றைய அமோர்பசிஃபிக். 1964-இலிருந்து அந்தக் கம்பெனியின் பெண்கள் கையில் பையோடு வீடு வீடாகப் போய் விற்றார்கள். போர் தின்று போட்ட நாட்டில், வீட்டுப் பெண்ணின் கைக்குக் கொஞ்சம் சம்பாத்தியம் வந்தது அப்படித்தான்.

திரவத்தில் ஊறிய துணி மாஸ்க் 1990-களில் ஜப்பானிலும் கொரியாவிலும் பரவியது. முதலில் பஞ்சுத் துணி. பிறகு வந்த ஒரு வகை நமக்கு நெருக்கமானது. தேங்காய்த் தண்ணீரில் ஒருவகை பாக்டீரியாவை வளர்த்தால் மேலே வழுவழுப்பான ஆடை படிகிறது. பிலிப்பைன்ஸில் அதைத் துண்டு போட்டு இனிப்பில் சாப்பிடுகிறார்கள். அதே மாதிரி ஆடையைத்தான் மெல்லியதாக எடுத்து 'பயோ செல்லுலோஸ்' மாஸ்க் ஆக்குகிறார்கள்.

பொட்டலத்தின் பின்னால் பொடி எழுத்தில் இருப்பதைக் கண்ணாடி போட்டுக்கொண்டு படித்தேன். முதலில் தண்ணீர், அடுத்து கிளிசரின். பிறகு ஹயலூரானிக் அமிலம் என்ற, ஈரத்தைப் பிடித்து வைக்கும் பொருள். சிலவற்றில் நத்தையின் வழவழப்புக்கூட இருக்கிறதாம். துணி மூடியிருக்கும் வரை மேல்தோல் தண்ணீர் குடித்து உப்புகிறது. சின்னச் சுருக்கங்கள் மறைந்தாற்போல் தெரிகிறது. சில மணி நேரத்தில் பழைய நிலைக்கு வந்துவிடுகிறது. துணி காயும் வரை விட்டுவைத்தால், கொடுத்த ஈரத்தைத் தோலிலிருந்து அதுவே திருப்பி வாங்கிக்கொள்ளும். இருபது நிமிஷக் கணக்கு அதனால்தான்.

பேத்தி கொடுத்ததை நானும் போட்டுப் பார்த்தேன். ஜில்லென்று இருந்தது, கொஞ்சம் பச்சைத்தண்ணீர் வாசம். கண்ணாடி போட முடியாது, பேச முடியாது. எழுபதுக்கு மேல் ஒரு மனுஷி பட்டப்பகலில் இருபது நிமிஷம் சும்மா படுத்திருக்க யாரிடமும் காரணம் சொல்ல வேண்டியிருக்கவில்லை. அதுவே பெரிய சுகம். எடுத்த பிறகு கன்னம் மெத்தென்று இருந்தது. பொட்டலத்தில் மிச்சமிருந்த திரவத்தை முழங்கையில் தடவிக்கொண்டேன். மறுநாள் காலையில் கண்ணாடியில் என் பழைய முகமே இருந்தது. விற்பவர்கள் ஈரம் தருவதாகச் சொன்னார்கள், தந்தார்கள். அதில் குறையில்லை.

என் கவலை, சில பொட்டலங்களில் 'ஈரம்' என்பதற்குப் பக்கத்திலேயே 'வெள்ளை' என்றும் எழுதியிருப்பது.

என் பெரியக்கா மாநிறத்துக்கும் ஒரு படி கீழே. 1960-களில் அவளைப் பெண் பார்க்க மூன்று இடத்திலிருந்து வந்தார்கள். மூன்று பேரும் பஜ்ஜி காப்பி சாப்பிட்டுவிட்டு, போய்ச் சொல்லி அனுப்புகிறோம் என்றார்கள். யாரும் சொல்லி அனுப்பவில்லை. தரகர் மட்டும், பெண் நிறம் மட்டு என்கிறார்கள் என்று அம்மாவிடம் சொன்னார். யாரோ ஒரு வியாபாரி பெயர் ஒட்டாத சின்னப் புட்டியில் ஒரு களிம்பு கொண்டுவந்து கொடுத்தான். இரண்டு மாதம் அக்கா முகம் வெளுத்தது. பிறகு இரண்டு கன்னத்திலும் திட்டுத் திட்டாகப் படை வந்தது. அந்தத் தழும்பு போகவே இல்லை. 31 வயதில் கல்யாணம் நடந்தது. அத்தான் நல்லவர், நிறத்தைப் பற்றி ஒரு வார்த்தை பேசியதில்லை. ஆனாலும் அக்கா தன் கல்யாணப் போட்டோவைக் கடைசிவரை சுவரில் மாட்ட விடவில்லை.

அந்தப் புட்டியில் என்ன இருந்ததோ, கடவுளுக்கே வெளிச்சம். இன்றைக்கும் விற்கும் கள்ளக் களிம்புகளில் இருப்பது பாதரசம். தோலில் நிறம் ஊறுவதை அது தடுக்கும். கூடவே ரத்தத்தில் கலந்து சிறுநீரகத்தைத் தாக்கும். பக்கத்துக் கேரளத்தில் 2021 முதல் 2023 வரை ஒருவகைச் சிறுநீரக நோயோடு வந்த 15 பேரை விசாரித்ததில், 13 பேர் நிறம் வெளுக்கும் கிரீம் பூசியவர்கள் என்று மருத்துவர்கள் கண்டு எழுதினார்கள். பாதரசம் பற்றிய மினமாட்டா சர்வதேச ஒப்பந்தம் இப்படிப்பட்ட அழகுப் பொருள்களைத் தடுக்கிறது. நம் நாட்டுப் பிரபல கிரீம் ஒன்றின் பெயரிலிருந்து 2020-இல் 'ஃபேர்' என்ற சொல்லையே எடுத்துவிட்டார்கள். சொல் போயிற்று. ஆசை முழுதாகப் போனதாகத் தெரியவில்லை.

இந்த முன்கதையைப் புரட்டியதில் எனக்குப் பட்டது ஒன்றுதான். பயத்தம் மாவு, கழுநீர், ஊறின துணி என்று ஈரமும் சுத்தமும் தந்தவை யாரையும் கெடுத்ததில்லை. காரீயம், பாதரசம் என்று வெள்ளை தருவதாகச் சொன்னவைதான் கெடுத்தன. கொரியாவிலும் அப்படித்தான், ஐரோப்பாவிலும் அப்படித்தான், எங்கள் வீட்டிலும் அப்படித்தான்.

2024-இல் கொரியாவின் அழகுப் பொருள் ஏற்றுமதி 1,000 கோடி டாலரைத் தாண்டியது. அமெரிக்காவுக்கு அனுப்புவதில் பிரான்சையே முந்திவிட்டார்கள். மோலியேரின் கோர்ஜிபுஸ் இருந்தால் இன்னும் பலமாகத் தலையில் அடித்துக்கொள்வார்! பிள்ளைகள் வாங்கட்டும், தடுக்க வேண்டாம். பொட்டலத்தைத் திருப்பிப் பார்க்க மட்டும் சொல்லிக்கொடுங்கள். இறக்குமதி செய்தவர் முகவரியும் பதிவு எண்ணும் அதில் இருக்க வேண்டும். முதலில் முழங்கைக்கு உள்பக்கம் கொஞ்சம் தடவி, ஒரு நாள் பொறுத்து, அரிப்பு இல்லை என்றால் முகத்துக்குப் போகலாம். வெளுக்கும் என்று யார் விற்றாலும், பொட்டலத்தைத் திருப்பிக் கொடுத்துவிடுங்கள். நம் வயதில் தோல் வறண்டு அரிக்கும். அதற்குக் குளித்த ஈரம் காய்வதற்குள் கொஞ்சம் தேங்காய் எண்ணெய் போதும். அரிப்பு நிற்காவிட்டால் தோல் மருத்துவரிடம் காட்டுங்கள்.

உங்கள் வீட்டில் அம்மா, பாட்டி, அத்தை அரைத்த நலங்கு மாவின் பக்குவம் யாருக்காவது நினைவிருந்தால் அளவோடு எழுதி அனுப்புங்கள். எங்கள் வீட்டில் அந்த அளவு அக்காவுக்குத்தான் தெரியும். அவளிடம் கேட்டு எழுதி வைத்துக்கொள்ளாமலே அவள் காலம் முடிந்துவிட்டது.